முதலாளி வந்தால் எடுக்கிற வண்டி

புளியங்குடியில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யருக்கு ஐம்பத்தைந்து.

சிஷ்யரின் பெயர் எபனேசர். தொழிற்பயிற்சி நிலையத்தில் இருபத்தேழு வருஷம் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தியவர். குரு மைதீன் பிச்சை அவரிடமே படித்து, அவர் கையாலேயே எழுத்துத் தேர்வில் முட்டை வாங்கி, பாதியில் நின்று போனவர்.

அந்த இருபத்தேழு வருஷமும் எபனேசர் சாரின் இன்ஜின் ஒரே மேஜையில்தான் நின்றது. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி பாதி அறுத்து, சிவப்பும் நீலமும் அடித்து வைத்த இன்ஜின். அது ஒரு நாளும் பழுதானதில்லை. ஓடினால்தானே பழுதாக? விருப்ப ஓய்வு வாங்கிய மறுமாதம் அவர் பழைய மாணவனின் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"வாங்க சார். வண்டி எதும் நின்னு போச்சா?"

"வண்டி இல்ல. நான்தான் வந்திருக்கேன். வேலை படிக்கணும்."

மைதீன் பிச்சை சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தார். சிரிப்பையெல்லாம் தெரு பார்த்துக்கொண்டது. டீக்கடைக்காரர் ஒரு வாரம் தவறாமல், "சார், இன்னைக்குப் பரீட்சை உண்டா?" என்று கேட்டார். எபனேசர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைத் துடைத்தார். ஒரு காலத்தில் 'ஏல பிச்சை' என்று கூப்பிட்ட வாயை 'பாய்' என்று பழக்கிக்கொண்டார். மைதீன் பிச்சை மட்டும் கடைசி வரை 'சார்' என்பதை மாற்றவில்லை.

எட்டு மாதம் போயிற்று. ஐப்பசியில் மைதீன் பிச்சையின் மச்சினனுக்குக் காயல்பட்டினத்தில் கல்யாணம்.

"மூணு நாள் சார். கடைய நீங்க பாத்துக்கிடுங்க."

எபனேசருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அதை வெளியே காட்டாமல், "போயிட்டு வாங்க பாய்" என்றார். பஸ் திரும்பி மறைந்ததும், ஒரு புது நோட்டை எடுத்து, 'வண்டி', 'பழுது', 'காரணம்' என்று மூன்று கட்டம் போட்டார். வாத்தியார் புத்தி எட்டு மாதத்தில் போகுமா?

மறுநாள் தங்கப்பழம் அண்ணாச்சியின் பிக்கப் வந்தது.

தங்கப்பழம் எலுமிச்சை வியாபாரி. வண்டிக்கு இருபத்திரண்டு வயது. அதன் நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். அண்ணாச்சிதான் ஓட்டி வந்தார். டிரைவர் குருவையா, பதினேழு வருஷமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர், பக்கத்து சீட்டில் மடியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் ஆகியும் பானெட்டில் சந்தனப் பொட்டு உதிராமல் இருந்தது.

"பாய் இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"நான் இருக்கேன். என்ன செய்யுது?"

"வண்டி ஒண்ணும் செய்யல. இவன்தான் செய்யுதான்."

குருவையா வெளியே பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க," என்று எபனேசர் டிரைவரிடம் கேட்டார்.

"ராஜபாளையத்துக்கு லோடு போவுது சார். வாசுதேவநல்லூர் தாண்டுன பொறவு, சிவகிரிக்குள்ள எங்கனயாவது நின்னுருது. செல்ஃப் நல்லா சுத்துது. இன்ஜின் எடுக்க மாட்டேங்கு. டீசல் ஏத்துற கைப்பம்ப அடிச்சுப் பாத்தா கல்லு மாதிரி நிக்கு. நான் எத்தன தடவ சாவியத் திருகுனாலும் எடுக்கல. முதலாளி வந்து உக்காந்தா எடுத்துருது."

"கேட்டுக்கிடுங்க சார்," என்றார் அண்ணாச்சி. "அஞ்சு தடவ. அஞ்சு தடவயும் போன் போட்டு என்னை வெயில்ல பைக்குல வர வச்சான். நான் வந்து சாவியப் போட்டா, ரெண்டு சுத்துல எடுக்குது. வண்டிக்கு என் மொகம் தெரியுமா? லோடு எடுக்கச் சோம்பேறித்தனம். இல்லன்னா நிறுத்தி வச்சு டீசல உறிஞ்சுதான்."

"டீசல நான் எப்படி உறிஞ்ச முதலாளி? மூடிக்குத்தான் பூட்டு போட்டு, சாவிய இடுப்புல கட்டியிருக்கியளே."

"பூட்டு போட வச்சது யாரு?"

யாரென்று ஊருக்கே தெரியும். குருவையா அல்ல. அண்ணாச்சியிடம் முன்பு வேன் ஓட்டிய ஒருவன், கூடப் பிறந்த தம்பி போல வீட்டில் சாப்பிட்டவன், இரண்டு வருஷம் டீசலைக் கேன் கேனாக விற்றிருக்கிறான். அது தெரிந்த அன்று அண்ணாச்சி அழுதார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வேனை விற்றார். பிக்கப் டேங்குக்குப் பூட்டு மூடி வாங்கி மாட்டினார். சூடு கண்ட பூனை. அதைக் குறை சொல்லி என்ன செய்ய?

"வண்டிய நல்லாப் பாருங்க சார்," என்றார் அண்ணாச்சி. "வண்டியில குறை இருந்தா செலவு பண்ணுதேன். இல்லன்னா இவன அனுப்பிருவேன். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்."

எபனேசர் நோட்டைத் திறந்தார்.

செல்ஃப் சுற்றியும் இன்ஜின் எடுக்காததற்குப் பதினான்கு காரணங்கள் உண்டு. இருபத்தேழு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அவருக்கு அது ஜெபம் போல மனப்பாடம். ஒன்று முதல் பதினான்கு வரை வரிசையாகப் பார்த்தார். பேட்டரி, ஒயர் முனைகள், டீசல் ஃபில்டர், குழாய்களின் மூட்டு, எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொரு நட்டும். கைப்பம்பை அடித்துப் பார்த்தார். பதமாக இறங்கி ஏறியது. 'நன்று' என்று எழுதினார்.

வண்டி ஒவ்வொரு தடவையும் முதல் சுற்றிலேயே எடுத்தது. சங்கரன்கோவில் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் போய்த் திரும்பினார். மறுநாளும் ஓட்டினார். பிசிறில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். குருவையாவும் வந்து தள்ளி நின்றார்.

"சொல்லுங்க சார். வண்டியில குறை இருக்கா, இல்லியா?"

எபனேசர் நோட்டைப் பார்த்தார். பதினான்கு வரியிலும் 'நன்று' இருந்தது.

"வண்டியில குறை இல்ல."

அவர் வண்டியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும் போய் விழுந்த இடம் வேறு. அண்ணாச்சி திரும்பி, "கேட்டியா?" என்றார். குருவையா வண்டிக்குப் போனார். வண்டிக் கதவைத் திறந்து, தன்னுடைய தண்ணீர் பாட்டிலையும், சீட்டுக்கு அடியில் கிடந்த செருப்பையும் எடுத்துக்கொண்டார். கதவை அடித்துச் சாத்தாமல், எப்போதும் போல மெல்லத் தூக்கிச் சாத்தினார். அந்தக் கதவின் கீல் பழசு. தூக்கித்தான் சாத்த வேண்டும்.

அவர் தெருமுனை திரும்பும் வரை எபனேசர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மைதீன் பிச்சை கல்யாணப் பலகாரப் பொட்டலத்தோடு மறுநாள் காலை வந்து சேர்ந்தார். எபனேசர் பொட்டலத்தைப் பிரிக்காமல் நோட்டைப் பிரித்தார். நடந்ததை முழுக்கச் சொன்னார்.

மைதீன் பிச்சை நோட்டை வாங்கவில்லை. ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"டிரைவர் என்ன சொன்னார் சார்?"

"வண்டி நிக்குதுன்னார்."

"அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எபனேசர் நோட்டில் தேடினார். அதில் வண்டிக்கு இடம் இருந்தது. டிரைவருக்குக் கட்டம் இல்லை. யோசித்து யோசித்துச் சொன்னார்.

"செல்ஃப் சுத்துது, எடுக்க மாட்டேங்கு. கைப்பம்பு கல்லு மாதிரி நிக்குது. முதலாளி வந்து உக்காந்தா எடுக்குது. அவ்வளவுதான்."

"கைப்பம்பு இங்க எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"உம். முதலாளி வந்து என்ன செய்யுவாராம்?"

"ஒண்ணும் செய்ய மாட்டார். உக்காந்து சாவியத் திருகுவார்."

"பைக்க விட்டு இறங்குன உடனே போய் உக்காந்துருவாரா?"

"அது தெரியல."

"தெரிஞ்சவர் யாரு?"

எபனேசர் எழுந்து போய் அண்ணாச்சிக்குப் போன் செய்தார். பேசிவிட்டு வந்தார். முகம் சுளித்திருந்தது.

"ஒண்ணுமில்ல பாய். நான் சொன்னதுதான். முதல்ல டேங்கத் திறந்து, குச்சி விட்டு, டீசல் குறைஞ்சிருக்கான்னு பாப்பாராம். அப்புறம் பூட்டிட்டு ஏறி உக்காருவாராம். சந்தேகம் புடிச்ச மனுஷன். பதினேழு வருஷம் வேலை செய்தவன் கண்ணு முன்னாடியே."

மைதீன் பிச்சை பலகாரப் பொட்டலத்தைத் தானே பிரித்தார். ஒரு துண்டு வட்டிலாப்பத்தை எபனேசரிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க சார். நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கு."

சாயங்காலம் அண்ணாச்சியைப் பட்டறைக்கு வரவழைத்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு ராஜபாளையம் லோடு யாரு எடுக்கா?"

"நான்தான். வேற ஆள் கிடைக்கல."

"நல்லது. குருவையாவ பக்கத்துல உக்கார வச்சிக்கிடுங்க. எங்க சாரும் வருவார்."

"அவன் எதுக்கு?"

"ஒரு நாள்தானே அண்ணாச்சி. இன்னொண்ணு. டேங்க இன்னைக்கே நிறைச்சிருங்க. மூடிச் சாவி மட்டும் நாளை முழுக்கச் சார் கிட்ட இருக்கட்டும்."

அண்ணாச்சியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "எதுக்கு?" என்று கேட்டார்.

"வண்டியில குறை இருக்கான்னு கேட்டீங்களே. நாளைக்குச் சாயங்காலம் சொல்லுதேன்."

அண்ணாச்சி போன பிறகு மைதீன் பிச்சை எபனேசரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வண்டி நிக்கும் சார். நின்ன உடனே சாவிய எடுத்துராதீங்க. அண்ணாச்சி தானா குருவையா கிட்ட 'என்ன செய்யலாம்'னு கேக்கணும். அது வரைக்கும் பொறுங்க."

"கேக்கலன்னா?"

"கேக்குற வரைக்கும் பொறுங்க."

"அதுக்குள்ள காய் வெயில்ல வதங்கிருமே பாய்."

மைதீன் பிச்சை எழுந்தார். கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மூன்று பேரும் கிளம்பினார்கள். அண்ணாச்சி ஸ்டியரிங்கில், எபனேசர் நடுவில், குருவையா ஜன்னலோரம். பின்னால் நாற்பது மூட்டை எலுமிச்சை. குருவையா இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்திருந்தார். அண்ணாச்சி கியரைக் கிறீச்சிட்டுப் போடும்போது மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது. அடிபடுவது தன் பிள்ளையாக இருந்தாலும் கேட்க வழியில்லாத தகப்பனுக்கு அப்படித்தான் இருக்கும்.

வாசுதேவநல்லூர் தாண்டியது. அண்ணாச்சி சிரித்தார்.

"பாத்தீங்களா சார்? என் கையில நிக்காது."

சிவகிரிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இரண்டு தடவை இழுத்து இழுத்துத் திணறி, ஓரமாகப் போய் நின்றது.

அண்ணாச்சி சாவியைத் திருகினார். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் எடுக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடி சுற்றியது. ஆறு தடவை, ஏழு தடவை. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

திரும்பி, "என்னல செய்தே?" என்றார்.

"கையை மடியில வச்சிட்டு உக்காந்திருக்கேன் முதலாளி," என்றார் குருவையா.

எபனேசருக்குச் சிரிப்பு வந்தது. சட்டைப் பையில் மூடிச் சாவி கனத்தது. சாவி எதற்கென்று அவருக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் அதை எடுத்து நீட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது. பொறுத்தார்.

அண்ணாச்சி இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். கைப்பம்பை அழுத்தினார். கல்லாக நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார். கட்டைவிரல் சிவந்துபோயிற்று.

"இறங்க மாட்டேங்கே," என்றார், யாரிடமும் இல்லாமல்.

 இதைத்தான் குருவையா மூன்று வாரமாகச் சொல்லி வருகிறார்.

ராஜபாளையம் வியாபாரி போனில் கூப்பிட்டார். அண்ணாச்சி, "வண்டி நின்னு போச்சு" என்றார். அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். "இல்லைங்க, நெசமாத்தான். பொய் சொல்லலை. நானே நிக்கேன் ரோட்டுல," என்றார். அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது. அண்ணாச்சி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு கணம் அதையே பார்த்தார்.

வெயில் ஏறியது. மூட்டைகளிலிருந்து எலுமிச்சை வாசனை கிளம்பியது. சூடாகிற வாசனை. அண்ணாச்சி வழக்கம்போல வண்டியின் பக்கவாட்டுக்குப் போனார். பூட்டு மூடியின் மேல் கையை வைத்தார். சாவி இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு, ஒரு வேப்பமரத்து நிழலில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். அவருக்கு அறுபத்திரண்டு வயது என்பது அன்றுதான் எபனேசர் கண்ணுக்குத் தெரிந்தது.

"குருவையா."

"சொல்லுங்க முதலாளி."

"என்ன செய்யலாம்?"

குருவையா நிஜமாகவே யோசித்தார்.

"நான் வழக்கமா உங்களுக்குப் போன் பண்ணுவேன் முதலாளி," என்றார்.

அதில் குத்தல் இல்லை. அவருக்கு வேறு வழி தெரியாது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

எபனேசர் சாவியை எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று குரு சொல்லவில்லை. ஒரு விநாடி நின்றார். பிறகு குருவையாவின் கையில் வைத்தார்.

"டேங்கத் திறங்க."

குருவையா சாவியை வாங்கினாரே தவிர, நகரவில்லை. அந்த மூடியை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. அண்ணாச்சி திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தன்னைத் திருடன் என்று சொல்லும் சடங்கை நின்று வேடிக்கை பார்க்க யாருக்கு மனசு வரும்? இப்போதும் முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"திற," என்றார் அண்ணாச்சி.

குருவையா பூட்டைத் திருகினார். மூடி இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பலங்கொண்டு சுழற்றியதும் டேங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

"போய்த் திருகிப் பாருங்க," என்றார் எபனேசர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

குருவையா போய் உட்கார்ந்தார். நாலைந்து சுற்று சுற்றியது. இன்ஜின் எடுத்துக்கொண்டது.

எபனேசர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவித் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் இருக்க வேண்டும். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவது அதன் வழியாகத்தான். காற்று போகாவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். கைப்பம்பு கல்லாகும். மூடியைத் திறந்தால் எல்லாம் சரியாகும், அடுத்த முப்பது கிலோமீட்டருக்கு. பாடப் புத்தகத்தில் இல்லாத விஷயமில்லை. பதினான்காவது காரணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவர் அதை நடத்தாமல் விட்டுவிடுவார். கேள்வியில் வராது.

கையோடு கொண்டுவந்த நோட்டில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்துத் துவாரத்தில் விட்டார். மஞ்சளாக, சுண்ணாம்பு போல ஒரு கட்டி பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. டீசல் வாடையையும் மீறி மணத்தது.

"என்னது அது?" என்று அண்ணாச்சி எழுந்து வந்தார். விரலில் எடுத்து முகர்ந்தார். "சந்தனம்."

இன்ஜினை ஓடவிட்டு இறங்கி வந்த குருவையா அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தான் முதலாளி வச்சேன்," என்றார். "ஆயுத பூஜையன்னைக்கு."

"மூடிக்கா?"

"எல்லாத்துக்கும்தான் வச்சேன். ஸ்டியரிங்கு, ஆரன், நாலு டயரு, எல்லாத்துக்கும் ஒரு பொட்டு. இதுக்கு மட்டும் கை நெறய அப்புனேன்."

"இதுக்கு எதுக்குல அவ்வளவு?"

குருவையா துண்டால் முகத்தைத் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார்.

"உங்களுக்கும் எனக்கும் நடுவுல இது ஒண்ணுதான முதலாளி இருந்துச்சு. அது போயிரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன்."

ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. அண்ணாச்சி விரலிலிருந்த சந்தனத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கீழே போட மனசில்லை. வேட்டி முனையில் முடிந்துகொண்டார். பிறகு முன்பக்கம் சுற்றிப் போய், ஜன்னலோர சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைத் தூக்கிச் சாத்தினார்.

"ஏறு. நேரமாச்சு."

ராஜபாளையம் வரை குருவையாதான் ஓட்டினார். திரும்பி வரும்போதும் அவர்தான்.  வாசுதேவநல்லூர் டீக்கடையில் நிறுத்தியபோது எபனேசர் குருவையாவைத் தனியாக அழைத்துப் போனார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் குருவையா. மன்னிச்சிருங்க."

"நீங்க வண்டியப் பத்தித்தான சார் சொன்னீங்க," என்றார் குருவையா.

திட்டியிருந்தால் எபனேசருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் வந்ததும் மூடிச் சாவி பழையபடி அண்ணாச்சியின் இடுப்புக்கே போயிற்று. ஒரே பகலில் மனுஷன் தலைகீழாக மாற இது என்ன சினிமாவா? ஆனால் இறங்கிப் போகும்போது, திரும்பிப் பார்க்காமல், "நாளைக்கு வெள்ளன வந்துரு. குத்தாலத்துக்கும் லோடு இருக்கு" என்றார். குருவையா, "சரி முதலாளி" என்றார். பதினேழு வருஷத்தில் அவர்களுக்குள் மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் அந்த மாதிரிதான்.

எபனேசர் பட்டறைக்கு வந்தபோது மைதீன் பிச்சை மாலை நேரத்து அஸர் தொழுகை முடித்து வந்து, ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. எபனேசர் அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூச்சிழுத்த சத்தம், சந்தனம், குருவையா சொன்னது, அண்ணாச்சி முடிந்துகொண்டது.  

அடியிலிருந்து ஸ்பேனர் திருகும் சத்தம் மட்டும் வந்தது.

"பாய், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"நீங்க வண்டியத் தொடவே இல்ல. பானெட்டக் கூடத் திறக்கல. நான் பதினாலு காரணத்தையும் பாத்தேன். எனக்குக் கிடைக்காதது உட்காந்த இடத்துல உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? எதை முதல்ல பாத்தீங்க?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. மைதீன் பிச்சை வெளியே வரவில்லை. அடியிலிருந்தே சொன்னார்.

"எதையும் பாக்கல சார். குருவையா பொய் சொல்லலன்னு வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் பாக்குறதுக்கு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."